மீன் சந்தையில் ஒரு மொழிப்பாடம்

“ஐயா, ஓப்பா என்றால் அப்பாவா?”

எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. கொரிய நாடகங்கள் இன்று தோட்டத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. கைப்பேசியில் அவற்றைப் பார்த்துப் பார்த்து, நம் பிள்ளைகள் பத்திருபது கொரியச் சொற்களையாவது நாவில் வைத்திருக்கின்றனர். அந்தக் கேள்வி பிறந்ததற்கு நானும் ஒரு காரணம். பள்ளியில் நடந்த தமிழ் விழாவுக்காகப் பெரிய அட்டை ஒன்றை எழுதித் தொங்கவிட்டிருந்தேன். ‘தமிழ் தந்த கொரியச் சொற்கள்’ என்பது தலைப்பு. அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நல், புல்லுக்குப் புல், நானுக்கு நா என்று முப்பது சொற்கள் அதில் இருந்தன. யாரோ தொகுத்து, கைப்பேசி வழியே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த பட்டியல் அது. நான் ஆராயவில்லை. படித்தவுடன் மகிழ்ந்தேன், மகிழ்ந்தவுடன் எழுதினேன்.

மாணவியிடமும், “ஆம் அம்மா, நம் அப்பாதான் அங்கே ஓப்பா ஆகிவிட்டார்” என்று தயங்காமல் விடை கூறினேன். அவள் சற்று நின்றாள். “அண்ணனைத்தானே ஐயா அவர்கள் ஓப்பா என்று கூப்பிடுகிறார்கள்?” என்று மெல்லச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பள்ளி விடுமுறையில் பூசான் நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தபோது, அதையும் சுமந்துகொண்டுதான் சென்றேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அந்நகரில் உயர்கல்வி பயின்று வருகிறாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்காரர், தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவிக்கு அன்று தேர்வு இருந்தமையால், “நீங்கள் இருவரும் ஆசிரியர்கள், பேச்சுக்கா பஞ்சம்?” என்று சொல்லி எங்களைச் சேர்த்துவைத்துவிட்டுப் போனாள். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தரமாக இருந்தது பெரிய உதவியாயிற்று.

அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, “நீங்கள் பிறந்த ஆண்டு எது?” என்பது. நம் வழக்கப்படி இது சற்றே துடுக்கான கேள்வி. கொரியருக்கோ இது இன்றியமையாதது. வயது தெரியாமல் அவர்கள் வினைச்சொல்லை முடிக்க இயலாது. நாம் நீ, நீங்கள் என்று முன்னிலையில் காட்டும் மதிப்பை அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் ஈற்றிலும் காட்டியாக வேண்டும். அவர் என்னைவிட ஏழாண்டு மூத்தவர் என்று தெரிந்தது. “அப்படியானால் நான் உங்களுக்கு ஹியோங்” என்றார். ஓர் ஆண்மகன் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. மதிப்பு விகுதி சேர்த்து ஹியோங்நிம் என்பர். அதே அண்ணனைத் தங்கை அழைத்தால்தான் ஓப்பா. அழைக்கப்படுபவரைப் போலவே அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதும் சொல்லை மாற்றுகிறது. என் மாணவியின் கேள்விக்குரிய விடை, சந்தையை எட்டுமுன்பே கிடைத்துவிட்டது.

சந்தை என்று நான் சொல்வது ஜாகல்ச்சியை. பூசான் துறைமுகத்தின் ஓரத்தில், கொரிய நாட்டின் மிகப் பெயர்பெற்ற மீன் சந்தை அது. ஜாகல் என்றால் கூழாங்கல். கூழாங்கற்கள் நிறைந்த கரையில் கூடிய சந்தையாதலின் அப்பெயர் என்று நண்பர் விளக்கினார். 2006ஆம் ஆண்டு முதல் கடலை ஒட்டிப் பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. கீழ்த்தளத்தில் தொட்டிகளில் நீந்தும் மீனைத் தேர்ந்து வாங்கி, மேல்தளத்தில் அமர்ந்து உண்ணலாம். ஆயினும் சந்தையின் உயிர் அந்தக் கட்டடத்தில் இல்லை. வெளியே, தெருவில் இருக்கிறது. முட்டளவு ரப்பர்க் காலணியும், முழங்கைவரை கையுறையும் அணிந்த பெண்கள், தாழ்ந்த பலகைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பலர் எழுபதைக் கடந்தவர்கள். முன்னே சிவப்புத் தொட்டிகளில் கணவாய், சிப்பி, நண்டு, விலாங்கு. கத்தி ஓயாமல் நடக்கிறது. வாயும் ஓயாமல் நடக்கிறது. ஜாகல்ச்சி அஜிமே என்று இவர்களுக்கு நாடறிந்த பெயர் உண்டு. அஜிமே என்பது அம்மாநிலத்துக் கொச்சையில் நடுவயதுப் பெண்ணைக் குறிப்பது.

“ஓயிசோ, போயிசோ, சாயிசோ!” என்பது அங்கே கேட்கும் முழக்கம். வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள் என்று பொருள். சந்தையின் ஆண்டு விழாவுக்கே இதைத்தான் முழக்கமாக வைத்திருக்கிறார்கள். நம் கடைக்காரருக்கு இத்தனை சொற்கள் தேவையில்லை. ‘வாங்க, வாங்க’ என்றால் வருவதும் அதில் அடங்கும், வாங்குவதும் அதில் அடங்கும். இதை நண்பரிடம் சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த மீன்காரப் பெண்ணுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. “அப்படியானால் வாங்கச் சொல்” என்றார்.

வாங்கினோம். வாங்கியது வெள்ளித்தகடு போல் நீண்டு கிடந்த கல்ச்சி. ‘கல்’ என்பது கத்தியைக் குறிக்கும் பழைய வடிவம். ‘ச்சி’ மீன் பெயர்களுக்கு ஈறாக வருவது. நெத்திலிக்கு மியொல்ச்சி, தெங்கிரிக்கு இனமான மீனுக்குச் சாம்ச்சி. கல்ச்சி என்றால் கத்திமீன். நாம் அதே மீனை வாளை என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவதும் வாள்தானே? ஒலியில் கல்ச்சிக்கும் வாளைக்கும் ஓர் எழுத்துக்கூட ஒற்றுமையில்லை. எண்ணத்தில் முழு ஒற்றுமை இருக்கிறது. ஒரே மீனைப் பார்த்த இரண்டு மக்கள் ஒரே உவமையை எட்டியிருக்கிறார்கள். என் அட்டையில் இத்தகைய ஒற்றுமைக்கு இடமே இல்லை. அது ஒலியை மட்டுமே பார்த்தது.

அட்டையை முற்றிலும் கவிழ்த்தது மீனன்று, விலை. அந்த அம்மையார் மீனை எண்ணும்போது ஹானா, தூல், சேத் என்று எண்ணினார். காசை எண்ணும்போது வேறு எண்கள் வந்தன: இல், இ, சாம், சா, ஓ. கொரியருக்கு இரண்டு எண் வரிசைகள் உண்டு. ஒன்று அவர்களுடைய சொந்த வரிசை. மற்றொன்று சீனத்திலிருந்து வந்தது. பொருளை எண்ணச் சொந்த வரிசை, பணத்துக்குச் சீன வரிசை. நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒரு காலத்தில் சொந்தச் சொற்கள் இருந்தன, அவை வழக்கொழிந்துவிட்டன. இன்று தொண்ணூற்றொன்பது வரைதான் சொந்த எண்கள் ஓடும். நம் நூறும் ஆயிரமும் இன்னும் நம்மோடு இருப்பதை எண்ணி, எனக்குள் சற்றே செருக்குக் கொண்டேன்.

அந்தச் செருக்கு நிலைப்பதற்குள் காதில் ஒன்று விழுந்தது. ‘சாம்’ என்றால் மூன்று. இதை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். பேராக்கில் நான் வளர்ந்த தோட்டத்துக்கு அருகே, சீனர் மளிகைக் கடையில், கந்தோனியம் பேசும் முதலாளி சோற்றுப்பானை மூடி அளவுள்ள மணிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டு சொல்லும் மூன்றும் ‘சாம்’தான்! நண்பரை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்து, ஒன்று முதல் பத்துவரை சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல, நான் எங்கள் ஊர்க் கடைக்காரரின் எண்களை எதிரே சொன்னேன்.

ஒன்றுக்குக் கந்தோனியத்தில் யாட், கொரியத்தில் இல். ஏழுக்குச் சாட், சில். எட்டுக்குப் பாட், பால். மூன்றுக்கு இரண்டிலும் சாம். ஆறுக்கு லுக், யுக். பத்துக்குச் சாப், சிப். 

ஆசிரிய நண்பர்கள் இவ்வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும். கந்தோனியத்தில் ம் என்று முடிவது கொரியத்திலும் ம் என்றே முடிகிறது. ப் என்பது ப். க் என்பது க். ஆனால் ட் என்று முடியும் இடத்தில் மட்டும், ஒன்றிலும் ஏழிலும் எட்டிலும், கொரியத்தில் ல் வந்து நிற்கிறது. இது தற்செயல் அன்று, விதி. விதியானால் அது முன்கூட்டிச் சொல்லவும் உதவ வேண்டும். மாதத்தைக் கந்தோனியத்தில் யூட் என்பார்கள். “உங்கள் மொழியில் மாதத்துக்குரிய சீனச் சொல் ல் என்று முடியுமா?” என்று கேட்டேன். “வோல்” என்றார் நண்பர். மீன் நாற்றத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில், மொழிநூலார் பெரிய நூல்களில் எழுதிவைத்திருப்பது எனக்கு ஒரு நொடியில் விளங்கிற்று. ஒரு மொழியின் சொற்கள் மற்றொரு மொழிக்கு உண்மையாகவே சென்றிருந்தால், ஒலிமாற்றம் ஒழுங்காக இருக்கும். ஒரு சொல்லில் கண்ட மாற்றம் ஒன்பது சொல்லிலும் காணப்படும்.

இனி அதே அளவுகோலை என் அட்டையின்மீது வைத்துப் பார்க்கலாம். நாள் என்பது நல் ஆயிற்று என்றால், நம் ளகரம் அங்கே லகரமாகும் என்பது விதியாக வேண்டும். தோள் என்பதற்கு அவர்கள் சொல் ஒக்கே. முள்ளுக்குக் காசி. கண்ணுக்கு நூன், கைக்குச் சோன், வாய்க்கு இப். எங்கும் ஒழுங்கு இல்லை. சொந்த எண்களையே பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பதற்குக் கொரியர் ஹானா, தூல், சேத், நேத், தாசொத் என்கிறார்கள். நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கரோ ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது என்கிறார். கன்னடர் ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது என்கிறார். உறவு எங்கே இருக்கிறது என்பதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை ஒரு குடும்பமாக நிறுவியது இத்தகைய ஒழுங்கைக் காட்டித்தான். அப்பா, அம்மா போன்ற சொற்களோ உலகின் பல மொழிகளில் ஒத்திருப்பவை. குழந்தையின் இதழ் முதலில் ஒட்டிப் பிரியும்போது எழும் ஒலிகள் பகரமும் மகரமும் ஆதலால், அவற்றை வைத்து எந்த இனத்தோடும் உறவு கொண்டாடலாம்.

இந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததன்று. 1886ஆம் ஆண்டு கொரியாவுக்கு ஆசிரியராகச் சென்ற ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டு ஓர் இலக்கணமே எழுதினார். வாக்கிய அமைப்பில் அவர் கண்டது பொய்யன்று. எழுவாய் முன்னும் பயனிலை பின்னுமாக, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுவதாக இரண்டும் அமைந்துள்ளன. சந்தை என்பது சிஜாங். சந்தைக்கு என்பது சிஜாங்-எ. ஆயினும் சப்பானியமும் துருக்கியமும்கூட இவ்வாறே அமைந்தவை. மொழிநூலார் பெரும்பாலோர் இன்று அந்த உறவை ஏற்பதில்லை. பூசானுக்கு அருகிலுள்ள கிம்ஹே நகரில், அயுதா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் அரசியின் கல்லறை ஒன்று உண்டு. அவர் வந்ததாகக் குறிக்கப்படும் ஆண்டு கி.பி. 48. அதைச் சொல்லும் சம்குக் யூசா என்னும் நூலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. இடையில் ஆயிரத்திருநூறு ஆண்டுகள். கதை என்ற அளவில் அதை மதிப்போம். சான்று என்று வகுப்பறையில் வைக்க எனக்கு இனித் துணிவில்லை.

மிளகாய் வற்றல் விற்கும் கடையில் மற்றொரு பழைய முகத்தைக் கண்டேன். அங்கே மிளகாய்த்தூளைக் ‘குன்’ கணக்கில் கேட்கிறார்கள். இந்தக் குன்னில் வரும் உகரம், நம் குற்றியலுகரத்தைப் போல் இதழ் குவியாமல் ஒலிப்பது. தமிழாசிரியருக்கு எளிதாக வரும், முயன்று பாருங்கள். ஒரு குன் 600 கிராம். காய்கறிக்கு மட்டும் 400 கிராம். நம் பெரியவர்கள் இன்னமும் மறவாத காத்தியும் 600 கிராமுக்குச் சற்றே மிகுதி. இரண்டுக்கும் வேர் சீனருடைய ஒரே எடைதான். மிளகாயும் அப்படியே ஒரு வந்தேறி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில்தான் ஆசிய அடுப்புகளை அடைந்தது. நாம் அதற்கு மிளகைக் கொண்டு பெயரிட்டோம். அவர்களும் முன்பே தெரிந்திருந்த ஒரு காரப்பொருளின் பெயரோடு சேர்த்துக் கோச்சு என்றார்கள். இதுவும் கல்ச்சியைப் போன்ற ஒற்றுமை.

வாங்கிய மீனைச் சுட்டுத் தரச் சொல்லி ஒரு சிறு கடையில் அமர்ந்தோம். பச்சை மீனையும் ஒரு தட்டில் வைத்தார்கள். நண்பரின் முகத்துக்காக ஒரு துண்டைத் தின்றேன். இரண்டாவது துண்டுக்கு வயது காரணம் சொல்லித் தப்பினேன். கடைக்காரப் பெண்மணியை நண்பர் “இமோ!” என்று அழைத்தார். இமோ என்றால் தாயின் உடன்பிறந்தாள். தந்தையின் உடன்பிறந்தாள் கோமோ. நமக்குச் சித்தி வேறு, அத்தை வேறு என்பது போலவே. தந்தையின் அண்ணனையும் தம்பியையும் ‘பெரிய தந்தை’, ‘சிறிய தந்தை’ என்றே பொருள்தரும் சொற்களால் அழைக்கிறார்கள். பெரியப்பா, சிற்றப்பா!

என் அட்டை மறுபடியும் உயிர்பெறுவது போலிருந்தது. ஆனால் மாமனிடம் வந்ததும் ஒற்றுமை முறிந்தது. தாயின் உடன்பிறந்தானுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் முன்னொட்டு ‘வெளி’ என்று பொருள்படும். நமக்கோ தாய்மாமன் இல்லாமல் காதுகுத்தும் இல்லை, திருமணமும் இல்லை. தமிழரில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது வழிவழி வந்த முறை என்று சொன்னேன். நண்பர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். கொரியச் சட்டப்படி எட்டாம் படி வரையுள்ள இரத்த உறவில் மணம் கூடாது. குடும்பப் பெயரும் பூர்வீகமும் ஒன்றானவர்கள், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் மணக்கக் கூடாது என்னும் தடையும் முன்பு இருந்தது. 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தவறெனத் தீர்த்தது, 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு அத்தை வேறு சித்தி வேறு என்பதில் திருமண உறவின் கணக்கு அடங்கியிருக்கிறது. அவர்களுக்கோ தந்தைவழியா தாய்வழியா என்பதே கணக்கு. சொல்லை வகுத்த விதம் ஒன்று. வகுத்த காரணம் வேறு.

“கடைக்காரப் பெண்ணை ஏன் இமோ என்கிறீர்கள்? கோமோ என்றால் ஆகாதா?” என்று கேட்டேன்.

“தாயின் தங்கை சோறு போடுவாள், தந்தையின் தங்கை குற்றம் பார்ப்பாள் என்று எங்கள் ஊரில் நினைப்பு” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எனக்கு அதுவும் தெரியாது. கோமோ என்று நான் யாரையும் அழைத்ததில்லை.”

அவருடைய தந்தை வடக்கே ஹம்கியோங் மாநிலத்தவர். 1950ஆம் ஆண்டு டிசம்பரில், ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு இலட்சம் பொதுமக்கள் கப்பலேறித் தெற்கே வந்தார்களே, அவர்களில் ஒருவர். இரண்டு தங்கையர் அங்கேயே நின்றுவிட்டனர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர், பிறகு எல்லையைக் கடக்கவே முடியவில்லை. பூசான் அப்போது தற்காலிகத் தலைநகரம். நகரம் கொள்ளாத அகதிகள். சந்தையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது யோங்தோ பாலம். 1934இல் கட்டப்பட்ட அந்தப் பாலம், அகதிகள் பலருக்கும் பெயர் தெரிந்த ஒரே இடமாக இருந்தது. பிரிந்தால் அங்கே சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்த குடும்பங்கள், நாள்தோறும் வந்து நின்று முகங்களைத் தேடினவாம். நண்பரின் தந்தையும் நின்றிருக்கிறார். தங்கையர் தெற்கே வரவில்லை என்று தெரிந்த பிறகும் நின்றிருக்கிறார். தாயார் இதே தெருவில் நெத்திலிக் கருவாடு விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

“பள்ளியில் உறவுப் பெயர்களைக் கற்பிக்கும்போது, கோமோ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதுவேன். பொருள் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் எழுதினேன்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

புறப்படுமுன் அவர் தாயார் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கருவாட்டுக் கடை ஒன்றில் நெத்திலி வாங்கினேன். நிறுத்து முடித்ததும், விற்றவர் ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டார். “தொம்” என்றார் நண்பர். கொடுத்த விலைக்கு மேல் அன்புக்காகச் சேர்ப்பது. நம் கொசுறு! நண்பர் அந்தச் சொல்லை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். நம் றகரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

பள்ளி திறந்த முதல் நாளே அட்டையை இறக்கினேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. யாட் – இல், சாட் – சில், பாட் – பால் என்று மூன்று வரிகளை மட்டும் எழுதி, காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று கீழே குறித்து மாட்டினேன். அந்த மாணவியை அழைத்து, “ஓப்பா என்றால் அண்ணன்தான் அம்மா. ஐயா அன்று சொன்னது தவறு” என்றேன்.

“தெரியும் ஐயா” என்றாள்.